ஜாவா0.லாக்: தப்பான ஃபைலைத் திறந்த கதை

சில வருஷம் முன்னாடி, எங்க பில்ட் சர்வரில் ராத்திரி ஓடிய டெஸ்ட் ஒன்று விழுந்தது. லாகைத் திறந்தேன், டேட்டாபேஸ் பிழை. அந்தப் பகுதியை எழுதிய ஜூனியர் பையனைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னாடி கேட்டுவிட்டேன். ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் படித்தது அவன் டெஸ்டோட லாகே இல்லை. அதே மெஷினில், அதே யூசர் பெயரில் ஓடிய இன்னொரு பில்ட் எழுதியது.

எப்படி என்று தோண்டினால் கதை 2002க்குப் போகிறது. லாக்4ஜே ஏற்கெனவே பலர் கையில் இருந்த சமயம், ஜாவா 1.4 தனக்கென்று ஒரு லாகிங் வசதியோடு வந்தது. அதன் ஃபைல் ஹேண்ட்லரை இயக்கினால், கூடவே வரும் லாகிங்.ப்ராப்பர்ட்டீஸ் சொல்லும் இடம் யூசரின் ஹோம் ஃபோல்டர், பெயர் ஜாவா0.லாக். அதை வேறொரு புரோகிராம் பிடித்திருந்தால் ஜாவா1.லாக். பக்கத்தில் ஒரு பூட்டு ஃபைலும் இருக்கும். ஆக, ரெண்டு பேர் எழுதினாலும் கலக்காது. ஆனா எது யாரோடதுன்னு பெயரில் தெரியாது. ஒருத்தர், ஒரு மெஷின் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு மாதிரிதான் எனக்குப் படுகிறது. நான் திறந்தது 0, பையனுடையது 1.

2004இல் மேவன் 1.0 வந்தது. பில்டில் உண்டாகும் எல்லாம் டார்கெட் ஃபோல்டருக்குள், கிளீன் சொன்னால் மொத்தமும் போய்விடும். நல்ல ஒழுங்கு, ஆனா லாகிங் நூலகத்துக்கு மேவன் இருப்பதே தெரியாது. 'டார்கெட்/டெஸ்ட்.லாக்' என்று எழுதினால் போதுமே என்பீர்கள். அது புரோகிராம் எந்த ஃபோல்டரிலிருந்து கிளம்பியது என்பதைப் பொறுத்தது. மேவனின் ஷ்யூர்ஃபயர் ஒவ்வொரு மாட்யூலின் ஃபோல்டரிலிருந்தும் ஓட்டும். எடிட்டரோ சில சமயம் மேல் ஃபோல்டரிலிருந்து ஓட்டும்.

லாக்பேக்கில் இது சுலபம். பில்ட் ஃபோல்டரின் முழுப் பாதையை ஷ்யூர்ஃபயர் ஒரு சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாகக் கொடுக்கும், லாக்பேக்-டெஸ்ட்.எக்ஸ்எம்எல் அதை எடுத்துக்கொள்ளும். ஜாவாவின் சொந்த லாகிங்கிலோ ஃபைல் பெயரில் ஹோம், டெம்ப், எண் என்று சில குறியீடுகள்தான் செல்லும், நாம் வைத்த பெயர் செல்லாது. அதனால் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலை மேவன் ஃபில்டரிங்கில் விட்டுப் பாதையை நிரப்பி, அதை ஆர்க்லைன் வழியாகக் காட்டினோம். (விண்டோஸில் பின்சாய்வுக் கோட்டை அது தின்றுவிடும். அதற்கு ஒரு மதியம் போச்சு.)

பையனின் ஜாவா1.லாகில் இருந்த காரணமே வேறு: டெஸ்டுக்கு வேண்டிய போர்ட்டை அடுத்த பில்ட் பிடித்து வைத்திருந்தது. அதே நாலு பேர் முன்னாடி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.