துறையில்லாப் பாடத்தின் வழிகாட்டிகள்: அமெரிக்க இளங்கலை உலக சுகாதாரப் படிப்பில் கல்வி ஆலோசனை வளர்ந்த விதம்

அமெரிக்கக் கல்லூரிகளில் கல்வி ஆலோசகர் என்றொருவர் தேவைப்பட்டது, பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்குக் கிடைத்த பிறகுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இலத்தீன், கிரேக்கம், கணிதம், அறவியல் என்று எல்லாரும் ஒரே வரிசையில் ஒரே பாடங்களைப் படித்தார்கள். எதைப் படிப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்ல்ஸ் எலியட் விருப்பப் பாட முறையைப் படிப்படியாக விரித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் விலகியபோது, முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைத் தவிரக் கட்டாயப் பாடம் என்று அங்கே அனேகமாக எதுவும் மிஞ்சவில்லை. சுதந்திரம் வந்ததும் தடுமாற்றமும் வந்தது. 1889இல் ஹார்வர்டு முதலாண்டு மாணவர்களுக்கென்று ஆலோசகர் குழு ஒன்றை அமைத்தது.

1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. அதன் முதல் தலைவர் டேனியல் காய்ட் கில்மன், பாடங்களைச் சில தொகுதிகளாகக் கட்டி, அவற்றுள் ஒன்றை மாணவர் தேர்ந்துகொள்ள ஆசிரியர் ஒருவர் துணை நிற்க வேண்டும் என்றார். கட்சிக்காரருக்கு வழக்கறிஞரும் நோயாளிக்கு மருத்துவரும் எப்படியோ அப்படியே மாணவருக்கு ஆலோசகர் என்பது அவர் கருத்து. விதிகளை எடுத்துச் சொல்வதோடு இவர் வேலை முடியாது, மாணவரின் நலன் கருதித் தொழில்முறைத் தீர்ப்பும் வழங்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வேர்விட்டுவிட்டது.

இதற்கு நேர்மாறான இன்னொரு ஆலோசனை மரபும் உருவானது. அமெரிக்காவில் பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் மருத்துவம் படிக்க முடியாது. நான்காண்டு இளங்கலைக்குப் பிறகே மருத்துவப் பள்ளி. 1910இல் வெளிவந்த ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை, மருத்துவப் பள்ளியில் சேருமுன் கல்லூரி அளவில் வேதியியல், உயிரியல், இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 1928இல் மருத்துவச் சேர்க்கைக்கான தகுதித் தேர்வும் வந்தது. இவற்றால் மருத்துவம் நோக்கிய மாணவருக்கு அறிவுரை சொல்பவரின் வேலை, கட்டாயங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது என்றாகியது. இத்தகைய ஆலோசகர்களுக்கென்று 1974இல் தேசியச் சங்கமே அமைந்தது. எலியட்டின் மரபு 'என்ன வேண்டும்?' என்று கேட்டது. இந்த மரபு 'எதை இன்னும் முடிக்கவில்லை?' என்று கேட்டது. பிற்காலத்தில் உலக சுகாதாரம் படிக்க வந்த மாணவர் இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவரானார்.

ஆலோசனைக்குக் கோட்பாட்டு வடிவம் கிடைத்தது 1972இல். கல்வியாளர் பர்ன்ஸ் குரூக்ஸ்டன், ஆலோசனையும் கற்பித்தலே என்று வாதிட்டார். மருந்துச் சீட்டு எழுதுவதுபோலப் பாடங்களைக் குறித்துக் கொடுக்கும் முறையிலிருந்து, மாணவரின் வளர்ச்சிக்குத் துணைநிற்கும் முறையை அவர் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டில் டெர்ரி ஓபேனியன் ஐந்து படிகளை வகுத்தார்: வாழ்க்கை நோக்கம், தொழில் நோக்கம், படிப்பு, தனித்தனிப் பாடங்கள், கடைசியாகக் கால அட்டவணை. 1979இல் கல்வி ஆலோசகர்களின் தேசியச் சங்கமும் உருவாகி, பேராசிரியரின் ஓய்வு நேர வேலையாக இருந்த ஒன்று தனித் தொழிலாகத் தலைநிமிர்ந்தது.

இந்த நூறாண்டு வரலாற்றில் உலக சுகாதாரத்துக்கு இடமே இல்லை. காரணம் எளிது. அது இளங்கலைப் பாடமாகவே கருதப்படவில்லை. 1898இல் லிவர்பூலிலும் 1899இல் லண்டனிலும் தொடங்கிய வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள், காலனிகளுக்குப் போகும் மருத்துவர்களுக்கானவை. ராக்ஃபெல்லர் பணத்தில் 1916இல் நிறுவப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளியும் பட்டதாரிகளுக்கானதே. 1948இல் உலக சுகாதார நிறுவனம் பிறந்ததும், 1978இல் அல்மா-ஆட்டா மாநாடு ஆரம்ப சுகாதார சேவையை முன்வைத்ததும் கல்லூரி வகுப்பறையைப் பெரிதாக அசைக்கவில்லை. பதினெட்டு வயதில் ஒருவர் இதைப் படிக்க விரும்பினால் மானுடவியலிலோ அரசியலிலோ உயிரியலிலோ சேர்ந்து, தானாகத் தேடிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். ஹெய்ட்டியில் பணியாற்றி, 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' அமைப்பை 1987இல் கூட்டாக நிறுவிய பால் ஃபார்மர் அப்படிப் படித்தவரே. டியூக் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்து 1982இல் பட்டம் பெற்றார். உலக சுகாதாரம் என்றொரு முதன்மைப் பாடம் அங்கே வர அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

திருப்பம் 2000க்குப் பின் வந்தது. எய்ட்ஸ் நெருக்கடி, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்க 2002இல் தொடங்கிய உலகளாவிய நிதியம், 2003இல் அமெரிக்க அரசு அறிவித்த எய்ட்ஸ் நிவாரணத் திட்டம், கேட்ஸ் அறக்கட்டளையின் பணம் ஆகிய எல்லாம் சேர்ந்து பல்கலைக்கழகங்களில் புதிய மையங்களை எழுப்பின. ஃபார்மரைப் பற்றி டிரேசி கிடர் எழுதிய 'மவுண்டன்ஸ் பியாண்ட் மவுண்டன்ஸ்' 2003இல் வெளிவந்தது. பல கல்லூரிகள் அதை முதலாண்டு மாணவர் அனைவருக்கும் பொது வாசிப்பாக வைத்தன. அதே ஆண்டில் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, இளங்கலை மாணவர் ஒவ்வொருவருக்கும் பொதுச் சுகாதாரக் கல்வி கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 1992இல் ஆயிரத்தை எட்டாத இளங்கலைப் பொதுச் சுகாதாரப் பட்டங்கள் 2012இல் ஆறாயிரத்தைத் தாண்டின.

மாணவர்கள் வந்துவிட்டார்கள், அவர்களை வைத்துக்கொள்ளத் துறைதான் இல்லை. பொருளாதாரம் படிப்பவருக்குப் பொருளாதாரத் துறை இருக்கிறது. எந்தப் பாடத்துக்குப் பின் எந்தப் பாடம் என்ற வரிசையைத் துறையே முடிவு செய்கிறது, ஆலோசகர் அதை விளக்குகிறார். உலக சுகாதாரத்திலோ நோய்ப்பரவலியல் ஓரிடத்திலும், மருத்துவ மானுடவியல் வேறோரிடத்திலும், சுகாதாரக் கொள்கை மூன்றாமிடத்திலும் கற்பிக்கப்பட்டன. பல பல்கலைக்கழகங்கள் இதைத் தனித்து நிற்கும் பட்டமாகத் தரத் தயங்கின. நார்த்வெஸ்டர்னில் இது வேறொரு முதன்மைப் பாடத்தோடு இணைத்தே எடுக்கக்கூடிய துணை முதன்மைப் பாடம். டியூக் தன் உலக சுகாதார நிறுவனத்தை 2006இல் தொடங்கியது. 2013இல் முதன்மைப் பாடத்தை அறிமுகம் செய்தபோது, இன்னொரு துறையின் முதன்மைப் பாடமும் கூடவே வேண்டும் என்றும், களத்தில் நேரடி அனுபவம் பெற வேண்டும் என்றும் விதித்தது. சிதறிக் கிடந்த பாடங்களை ஒரு மாணவரின் நான்காண்டுக்குள் கோத்து முழுமையாக்கும் பொறுப்பு இப்படி ஆலோசகரிடம் வந்து சேர்ந்தது. மற்றத் துறைகளில் பாடத்திட்டத்தை விளக்குபவரான அவர், இங்கே பாதிப் பாடத்திட்டத்தை ஆக்குபவராகவும் இருந்தார்.

அந்தக் கோத்தலின் சிக்கலை ஒரு வழக்கமான திட்டத்தாளே காட்டிவிடும். உயிரியலும் உலக சுகாதாரமும் இரண்டு முதன்மைப் பாடங்கள். பிறகு மருத்துவம் என்பது மாணவரின் எண்ணம். முதலாண்டில் பொது வேதியியல், இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியல், மூன்றாம் ஆண்டில் இயற்பியலும் உயிர்வேதியியலும். மூன்றாம் ஆண்டின் வசந்த காலத்தில் மருத்துவத் தகுதித் தேர்வு, அதை ஒட்டிய கோடையில் விண்ணப்பம். ஆகவே கென்யாவிலோ குவாத்தமாலாவிலோ எட்டுப் பத்து வாரம் களத்தில் தங்க, இரண்டாம் ஆண்டு முடிந்து வரும் கோடையே வசதியான காலம். அந்தக் கோடையில் ஆய்வு நடத்த வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். ஆய்வு நடக்கும் நாட்டிலும் தனி அனுமதி வேண்டியிருக்கும். அதற்கு முந்தைய செமஸ்டரில் ஆய்வு முறைகள் பற்றிய பாடம் முடிந்திருக்க வேண்டும். சுவாஹிலியோ ஸ்பானியமோ முதலாண்டிலேயே தொடங்கியிருக்க வேண்டும். மாணவர் முதன்மைப் பாடத்தை அறிவிப்பதோ இரண்டாம் ஆண்டின் இறுதியில். அதாவது எல்லாம் முடிவான பிறகே பலர் உலக சுகாதார ஆலோசகரின் கதவைத் தட்டுகிறார்கள். முதலாண்டு மாணவர்களைத் தேடிப் போய்ப் பேசும் வழக்கம் இந்த நெருக்கடியால் வலுப்பட்டது.

2015இல் மருத்துவத் தகுதித் தேர்வில் உளவியல், சமூகவியல் சார்ந்த பகுதி ஒன்று சேர்ந்தது ஆலோசகர்களுக்கு ஓரளவு கைகொடுத்தது. வறுமையும் நோயும் பற்றிய வகுப்பு மருத்துவக் கனவுக்கு இடைஞ்சல் என்று கருதிய மாணவரிடம், அதுவும் தேர்வுக்கு உதவும் என்று சொல்ல முடிந்தது. ஓபேனியனின் ஐந்து படிகள் மட்டும் இங்கே தலைகீழாக நின்றன. வாழ்க்கை நோக்கத்தைக் கண்டுபிடிக்க உதவுவது முதல் படி என்றார் அவர். உலக சுகாதாரத்துக்கு வருபவரிடம் நோக்கம் ஏற்கெனவே பெரிதாக, சில நேரம் மிகப் பெரிதாகவே இருந்தது. புள்ளியியல் எப்போது படிப்பது என்பதுதான் தெரியவில்லை.

பெரிய நோக்கம் கொண்டுவந்த ஆபத்து வேறு. சமூகச் சிந்தனையாளர் ஈவான் இல்லிச் 1968இலேயே மெக்சிகோவின் குவெர்னவாகாவில் அமெரிக்க மாணவத் தொண்டர்களின் முகத்துக்கு நேரே, உதவி செய்ய வராதீர்கள் என்று சொல்லியிருந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, குறுகிய காலக் களப்பயணம் பெரும் சந்தையாகிவிட்டபோது, அந்த எச்சரிக்கைக்கு நிறுவன வடிவம் கிடைத்தது. ஆய்வாளர்கள் ஜான் கிரம்ப், ஜெரமி ஷுகர்மன் இருவரும் 2008இல் இத்தகைய பயணங்களின் அறச் சிக்கல்களைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். 2010இல் அவர்கள் முன்னின்ற பணிக்குழு, அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம், பயிற்சி பெறுபவர், நிதி தருபவர் எனத் தனித்தனியே கடமைகளை வகுத்தது. புறப்படுமுன் பயிற்சி, விருந்தோம்பும் இடத்துக்கு ஆகும் செலவு, இருதரப்புக்கும் பயன் ஆகியவை அதன் மையம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சொந்த நாட்டில் தகுதியோ அனுமதியோ இல்லாத எந்தச் சிகிச்சையையும் வெளிநாட்டில் மாணவர் செய்யக்கூடாது என்று எச்சரித்தது.

இந்த ஆவணங்கள் ஆலோசகரின் மேசைக்கு வந்தபோது அவர் வேலையின் தன்மையே மாறியது. எங்கே போகலாம் என்று சொல்பவர், இப்போது போக வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. கிராமப்புற மருத்துவமனை ஒன்றில் மொழி தெரியாத மாணவருக்காக ஒரு செவிலியர் காலை முழுவதும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால், வெளிநோயாளிகள் வரிசை அவ்வளவு நேரம் நீளும். இந்தக் கணக்கு எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை. தையல் போடலாம், பிரசவத்தில் உதவலாம் என்று விளம்பரம் செய்யும் கட்டணப் பயணங்களை விலக்கச் சொல்லும்போது அற வாதம் பல நேரம் எடுபடுவதில்லை. அப்படிச் செய்தது தெரிந்தால் மருத்துவப் பள்ளிச் சேர்க்கைக் குழு முகம் சுளிக்கும் என்ற வாதம் விரைவாக எடுபடுகிறது. 2011க்குப் பிந்தைய ஆலோசனையின் பெரும்பகுதி இந்த இரண்டாம் வாதத்தின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை.

நல்ல களங்கள் தங்கள் நிபந்தனைகளைத் தாங்களே வகுத்திருந்தன. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் மேபெல், ரஜனிகாந்த் ஆரோலே இணையர் 1970இல் தொடங்கிய கிராம சுகாதாரத் திட்டம் அல்மா-ஆட்டா சிந்தனைக்கு முன்னோடிகளுள் ஒன்று. வெளிநாட்டு மாணவர் அங்கே போவது கற்கத்தான். கற்பிப்பவர்களுள் கிராம சுகாதாரப் பணியாளர்களும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் வெளிநாட்டு மருத்துவ மாணவர்களை நெடுங்காலமாக ஏற்று வருகிறது. இத்தகைய இடங்களோடு நீண்ட உறவு வைத்திருந்த பல்கலைக்கழகங்களில், ஆலோசகர் மாணவரைக் களத்துக்கு ஏற்றவராக்கினார். அந்த உறவு இல்லாத இடங்களில் மாணவருக்கேற்ற களத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

2019இல் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி மாணவர்கள் உலக சுகாதாரத்தின் காலனிய நீக்கம் குறித்து மாநாடு கூட்டினர். யார் போகிறார்கள், யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வியை இம்முறை மாணவர்களே எழுப்பினார்கள். அடுத்த ஆண்டே கொரோனா விமானங்களை நிறுத்தியது. 2020 மார்ச்சில் வெளிநாட்டில் இருந்த மாணவர்கள் அவசரமாகத் திரும்பினர். களப்பணி தொலைவழித் தரவு ஆய்வாகவும், சொந்த ஊர்ச் சுகாதாரத் துறைகளில் தொற்றாளர்களின் தொடர்பறிதல் வேலையாகவும் உருமாறியது. உலக சுகாதாரம் என்பதற்கு எல்லை தாண்டுவது கட்டாயமில்லை, சமத்துவமின்மை எங்கிருந்தாலும் அது களமே என்று ஜெஃப்ரி கோப்லன் குழுவினர் 2009இலேயே தந்த வரையறை பொருந்தி வந்தது. எல்லை திறந்த பிறகும் உள்ளூர்க் களம் ஒரு மாற்றாகப் பல திட்டங்களில் நிலைத்துவிட்டது.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை முடக்கியது. ஜூலை 1 முதல், அந்த உதவியைக் கையாண்ட யுஎஸ்எய்டு தனி அமைப்பாக இயங்குவது நின்றது. அதன் ஒப்பந்தங்களில் இயங்கிய தொண்டு நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. இளங்கலை முடித்து ஓரிரு ஆண்டு அங்கே வேலை பார்த்துவிட்டு முதுகலைக்குப் போவது என்ற பழகிய பாதை அடைபட்டது. டியூக், நார்த்வெஸ்டர்ன் போன்ற இடங்கள் முதலிலேயே வற்புறுத்திய இரண்டாவது முதன்மைப் பாடம் இப்போது வேலைவாய்ப்புக் காப்பீடாகவும் பயன்படுகிறது. மாநில, மாவட்டச் சுகாதாரத் துறைகள், மருத்துவமனைத் தரவுப் பிரிவுகள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவை ஆலோசனை அறைகளில் முன்பைவிட அதிகம் பேசப்படுகின்றன. சுவாஹிலிக்குப் பதிலாகப் புள்ளியியல் மென்பொருளை முதலாண்டிலேயே தொடங்கலாமா என்பது, நான்காண்டுத் திட்டத்தாளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கேள்வி.