மெல்ல வருடினாலும் கேட்க வேண்டும்



கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளுக்கிடையே மாலையில் நடந்து போனால், ஏதாவது ஒரு சன்னலிலிருந்து மின்கிட்டார் ஒலி வரும். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரு கணினியையும், கையளவு பெட்டி ஒன்றையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறார்கள். அவர்களில் ஓர் இளைஞர் என்னிடம் ஒரு குறை சொன்னார். "ஐயா, நான் மெல்ல வருடினால் மெல்லக் கேட்கிறது, ஓங்கி மீட்டினால் ஓங்கிக் கேட்கிறது. பதிவில் மட்டும் எல்லாம் ஒரே மட்டமாகிவிடுகிறது."

இந்தக் குறைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதன் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி இசைத்தட்டுக்காகப் பாடினார். பதிவு செய்தவர் பிரெட் கெய்ஸ்பெர்க். அந்தப் பதிவில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. பெரிய புனல் ஒன்றின் வாய்க்கு நேராக நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மெல்லப் பாடினால் கோடு விழாது. ஓங்கிப் பாடினால் ஊசி துள்ளிக் கோட்டைக் கெடுத்துவிடும். ஆகவே அக்காலத்துப் பாடகர்கள் கீழ்க்குரலுக்குப் புனலை நெருங்கியும், உச்சக் குரலுக்குப் பின்வாங்கியும் பாடினார்கள். சில இடங்களில் பதிவு செய்பவரே பாடகரைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினாராம்! குழைவெல்லாம் காலடியில் இருந்த காலம் அது.

1925இல் ஒலிவாங்கியும் மின்சாரப் பதிவும் வந்தன. மெல்லிய குரலும் தட்டில் ஏறியது. 1930களின் தொடக்கத்தில் மின்கிட்டார் விற்பனைக்கு வந்தது. அதன் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும். சுருளில் சிறு மின்சாரம் பிறக்கும். விரல் எவ்வளவு அழுத்தியதோ அவ்வளவுதான் மின்சாரம். வாசிப்பவரின் கை அங்கே அப்படியே பதிவாகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கருவியை வீட்டிலேயே பதிவு செய்து உலகுக்குக் காட்டியவர் அமெரிக்கரான லெஸ் பால். ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார்க் கொட்டகையே அவருக்குப் பதிவகம். 1948இல் வந்த 'லவ்வர்' என்ற இசைத்தட்டில் எட்டுக் கிட்டார்கள் கேட்கும். எட்டையும் வாசித்தவர் அவர் ஒருவரே. ஒரு தட்டில் பதிந்ததை ஓடவிட்டு, அதனுடன் வாசித்து இரண்டாம் தட்டில் பதிவார், பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் பழைய வாசிப்பு மங்கும், இரைச்சல் கூடும். அதனால் முக்கியமில்லாத பகுதிகளை முதலில் பதிந்து, முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தார். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான். பின்னர் ஒலிநாடாவுக்கு மாறி, 1951இல் மனைவி மேரி ஃபோர்டுடன் நியூயார்க் வீட்டிலேயே 'ஹவ் ஹை த மூன்' பாட்டைப் பதிந்தார். அது அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது.

நம் பக்கம் 1960களில் கூகிரான் எனப்பட்ட கிட்டார்க் குழுக்கள் பெருகின. ஆனால் இசைத்தட்டு வெளியிட அவர்களில் பலர் சிங்கப்பூருக்குத்தான் போக வேண்டியிருந்தது. வீட்டுப் பதிவு நமக்குக் கேசட்டோடுதான் வந்தது.

அந்த வானொலிக் கேசட் பெட்டி பலர் நினைவில் இருக்கும். அதில் பாட்டியின் தாலாட்டைப் பதிந்தவர்களும் உண்டு. போட்டுக் கேட்டால், பாட்டி மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் கொல்லைக் கோழியின் கொக்கரிப்பு ஊதிப் பெருகி வரும்! காரணம், பெட்டிக்குள் இருந்த தானியங்கி அளவுக் கட்டுப்பாடு. ஒலி குறைந்தால் அது தானாகவே ஏற்றும், கூடினால் இறக்கும். தாலாட்டின் தாழ்வும் ஏற்றமும் அங்கேயே போய்விட்டன. இன்றைய கைப்பேசிகள் பலவும் இதையே செய்கின்றன.

தாழ்வும் ஏற்றமும் போனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். மாண்டலின் சீனிவாசைக் கேட்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். எட்டுக் கம்பி மாண்டலினை ஐந்து ஒற்றைக் கம்பிகளாக்கி, மின்சாரத்தில் பேச வைத்தவர் அவர். ஒரு முறை மீட்டியபின் கம்பியை இழுத்து, தேய்ந்து போகும் ஒலியிலேயே கமகத்தைக் காட்டுவார். அந்தத் தேய்வை மட்டமாக்கினால் மிஞ்சுவது வெறும் சுரம்.

இனி நம் இளைஞரிடம் வருவோம். ஒலியின் ஏற்றத்தாழ்வை டெசிபெல் என்ற அளவால் சொல்வார்கள். சாதாரணக் கேசட்டில் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 டெசிபெல்தான் இடம். அதனால் அந்நாளில் முள்ளைச் சிவப்புக் கோட்டருகே வைத்தே பதிய வேண்டியிருந்தது. 24 பிட் எண்முறைப் பதிவில் கணக்குப்படி 144 டெசிபெல்; கருவியின் குறைகளைக் கழித்தாலும் நூறுக்கு மேல் நிற்கும். இடம் தாராளம். இவரோ கேசட் காலத்துப் பெரியவர் ஒருவரிடம் கற்ற பழக்கத்தால் சிவப்பை ஒட்டியே பதிந்தார். உச்சியைத் தாண்டியதெல்லாம் வெட்டுப்பட்டது. போதாததற்கு ஒலியை நெருக்கும் கம்ப்ரஸரையும், கரகரப்பையும் பதிவின்போதே போட்டிருந்தார். கரகரப்பு என்பதே ஒலி அலையின் தலையைச் சீவுவதால் வருவது.

முதலில் எவ்வளவு ஓங்கி மீட்ட முடியுமோ அவ்வளவு ஓங்கி மீட்டச் சொன்னேன். அந்த உச்சம், மேல் எல்லைக்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் கீழே நிற்கும்படி அளவைக் குறைத்தோம். கம்ப்ரஸரை நீக்கிச் சுத்தமான ஒலியைத் தனியே பதிந்தோம். கரகரப்பைப் பிறகு வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளலாம். பதிவு சன்னமாகக் கேட்கிறதே என்று முகம் சுளித்தார். ஒலிபெருக்கியின் குமிழைத் திருப்பி விட்டேன். விரல் கம்பியில் உராய்வது வரை கேட்டது.

மெல்லிய இடத்தில் மட்டும் 'உம்' என்று ஓர் இரைச்சல். கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியில் சற்றுத் திரும்பி உட்கார்ந்தார், குறைந்தது. தலைக்கு மேலே குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய தாயார் எழுந்து போய் அதை அணைத்தார். அடுத்த பதிவை இருட்டில்தான் செய்தோம்.