புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் இனாம் நிலங்களும் வரிச் சட்டங்களும்

இனாம் என்பது அரசன் ஒருவருக்கோ ஒரு கோயிலுக்கோ வரி நீக்கியோ வரி குறைத்தோ கொடுத்த நிலத்தைக் குறிக்கும். இச்சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. கொடை என்று பொருள்படும். தமிழில் இதை மானியம் என்பர். இதைவிடப் பழைய சொல் இறையிலி. இறை என்றால் வரி, வரி இல்லாதது இறையிலி. குடுமியான்மலை முதலிய ஊர்களின் கோயில் கல்வெட்டுகளைப் படிப்பவர்களுக்கு இச்சொல் பழக்கமானதே. புதுக்கோட்டைத் தர்பார் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்டது. அதில் நிலக்கொடையும் வரி நீக்கமும் பற்றிய சாசனங்கள் ஏராளம்.

புதுக்கோட்டையில் இந்த நிலங்களின் சட்ட நிலை 1888இலும் 1948இல் நடந்த இணைப்புக்குப் பின்னரும் அடியோடு மாறியது. அம்மாற்றங்களையும், அவற்றால் நிலத்தின் உரிமை யாருக்குப் போயிற்று என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

சமஸ்தானமும் குளத்தூரும்

தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என மூன்று தாலுகாக்கள் இருந்தன. குளத்தூர் முதலில் தொண்டைமான் குடும்பத்தின் மற்றொரு கிளையினர் ஆண்ட தனிப் பாளையம். ஏறத்தாழ 1750இல் புதுக்கோட்டையுடன் சேர்ந்தது. இன்றும் குளத்தூர் வட்டம் உண்டு. அதன் தலைமையிடம் கீரனூர்.

பாளையக்காரர் போர்களில் ஆங்கிலேயருக்குத் துணை நின்றதால் புதுக்கோட்டை மட்டும் தனி அரசாக நிலைத்தது. அது ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்டவில்லை. 1803இல் கிடைத்த கீழாநிலைக் கோட்டைக்காக ஆண்டுக்கு ஒரு யானை தர வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இருந்தது. அதுவும் 1836இல் முறைப்படி நீக்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் சட்டங்கள் இங்கே தாமாகச் செல்லாது. வரி விதிப்பதும் நீதிமன்றம் நடத்துவதும் தர்பாரின் பொறுப்பாக இருந்தன.

அமானி முறை

இனாம் அல்லாத நன்செய் நிலங்களில் நெடுங்காலம் அமானி முறை நடைமுறையில் இருந்தது. அறுவடைச் செலவு போக மிஞ்சிய நெல்லை அரசும் குடியானவரும் களத்திலேயே பங்கிட்டுக்கொள்வர். மழை பொய்த்தால் அரசின் பங்கும் குறையும் என்பதால் இது நியாயமான முறையாகத் தோன்றும். நடப்பில் தொல்லைகள் மிகுதி. அதிகாரி வந்து பார்க்கும் வரை அறுவடை காத்திருக்க வேண்டும். பயிருக்கும் களத்துக்கும் களஞ்சியத்துக்கும் தனித்தனிக் காவல் வேண்டும். காவல்காரரே கூட்டுச் சேர்ந்தால் நெல் காணாமற் போகும். கூடுதலாக உழைத்து விளைவித்தாலும் அதில் ஒரு பங்கு அரசுக்குப் போகும் என்பதால் குடியானவருக்கு ஊக்கமும் இல்லை.

இந்தக் காவல் வேலைகளைச் செய்தவர்களுள் பலர் சம்பளம் இல்லாத ஊழியக்காரர்கள். சம்பளத்துக்குப் பதில் அவர்களுக்கு இனாம் நிலம் இருந்தது. போர்க்காலத்தில் படைக்கு ஆள் கொடுத்த சேர்வைகாரர்களும் அமரகாரர்களும் அவ்வாறே நிலம் பெற்றிருந்தனர். போர் ஓய்ந்தபின் படைத்தொழில் போயிற்று. நிலமும் சில அரண்மனைக் கடமைகளும் மிஞ்சின.

1888ஆம் ஆண்டின் மாற்றம்

திருவிதாங்கூரில் திவானாக இருந்த அ. சேஷையா சாஸ்திரி 1878இல் புதுக்கோட்டை நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில் அமானி முறை ஒழிந்தது. நெற்பங்குக்குப் பதிலாகப் பணத் தீர்வை வந்தது. அறுவடை செய்ய அனுமதிக்குக் காத்திருக்கும் நிலை நீங்கியது. ஆனால், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்ற புதிய சுமையும் அதனோடு வந்தது.

அமானி போனதும் ஊழியக்காரர்களின் பெரும்பகுதி வேலையும் போயிற்று. வேலை இல்லாதபோது அதற்காகக் கொடுத்த நிலத்தை என்ன செய்வது? இதற்கு விடையாக வந்ததே 1888ஆம் ஆண்டின் இனாம் செட்டில்மெண்ட். ஊழிய இனாம்களை வைத்திருந்தவர்களுள் பெரும்பாலோர் ஊழியத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். நிலத்தின்மேல் ஒரு குறைந்த தீர்வை விதிக்கப்பட்டு, நிலம் அவர்களது சொத்தாகப் பதிவாயிற்று. சென்னை மாகாணத்தில் 1858இல் தொடங்கிய இனாம் கமிஷன் கையாண்ட முறையை ஒட்டியே இது நடந்தது.

அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையைப் பற்றி 1987இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். பழைய அரசில் நிலக்கொடை என்பது அரசனுக்கும் குடிகளுக்கும் இடையிலான உறவின் அடையாளம். பிரிட்டிஷ் நிர்வாகப் பார்வையில் அது வருவாய் இழப்பு மட்டுமே. அந்தப் பார்வை வென்றபோது உறவு சொத்தாக மாறியது என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் உண்மை உண்டு. எனினும், கூலி இல்லாத ஊழியம் நீங்கியது ஒரு நன்மையே என்பதையும் நாம் மறக்கலாகாது.

விடுபட்ட கேள்வி

இனாம் சட்டத்தில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளைச்சலில் அரசுக்கு அல்லது அரசு கைகாட்டியவருக்குச் சேரும் பங்கு மேல்வாரம். உழுது பயிரிடும் உரிமையும் அதன் பங்கும் குடிவாரம். அரசன் இனாமாகக் கொடுத்தது மேல்வாரத்தை மட்டுமா, இரண்டையுமா? மேல்வாரம் மட்டும் என்றால் நிலம் உழுபவருடையது; இனாம்தார் பங்கு வாங்குபவர் மட்டுமே. இரண்டும் என்றால் உழுபவர் வெறும் குத்தகைக்காரர், அவரை வெளியேற்றலாம்.

இனாம் செட்டில்மெண்ட் அரசுக்கும் இனாம்தாருக்கும் இடையிலான கணக்கைத் தீர்த்தது. இனாம்தாருக்கும் உழுபவருக்கும் இடையிலான கணக்கை அது தொடவில்லை. பக்கத்து மாகாணத்தில் இக்கேள்வி லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. சூரியநாராயணா எதிர் பட்டன்னா வழக்கில், இனாம் என்றாலே மேல்வாரம் மட்டும்தான் என்று சட்டம் முன்கூட்டியே கருத இடமில்லை, ஒவ்வொரு கொடையையும் அதன் சான்றுகளைக் கொண்டே பார்க்க வேண்டும் என்று 1918இல் தீர்ப்பாயிற்று. கையில் பத்திரம் உள்ளவருக்குச் சான்று காட்டுவது எளிது. தலைமுறைகளாக உழுதவரிடம் பெரும்பாலும் காகிதம் இருப்பதில்லை. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்கு ஓரளவு காப்பளித்தது. அது மாகாணச் சட்டம். சமஸ்தானக் குடிகளுக்கு அந்தக் காப்பு கிட்டவில்லை.

இணைப்புக்குப் பின்

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. சமஸ்தானம் விட்டுச்சென்ற இனாம்களுக்காகவே 1955இல் புதுக்கோட்டை இனாம்கள் தீர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர், இனாம் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் 1963ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம், ‘புதுக்கோட்டை இனாம் எஸ்டேட்’ என்பதையும் தனியாக வரையறுத்துத் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. சிறு இனாம்களுக்கு அதே ஆண்டில் 30ஆம் சட்டம் வந்தது. குடிவாரம் யாருக்கு என்று செட்டில்மெண்ட் அதிகாரி விசாரித்து ரயத்துவாரி பட்டா வழங்க வேண்டும். அவர் முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1888இல் விடுபட்ட கேள்வி இவ்வாறு முக்கால் நூற்றாண்டு கழித்தே சட்டத்தின்முன் வந்தது.

1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. குளத்தூர் வட்டத்தில் ஒரு பழைய நிலத்தின் மூலத்தைத் தேடுபவர் இன்றும் சமஸ்தானக் காலத்து இனாம் பதிவேட்டையும், இணைப்புக்குப் பிந்தைய செட்டில்மெண்ட் உத்தரவையும், இன்றைய பட்டாவையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். இவற்றைப் பார்க்கும் மாணவர்கள் தீர்வைத் தொகையோடு நின்றுவிடாமல், யாருடைய பெயர் எழுதப்பட்டது, யாருடைய பெயர் எழுதப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வரிச் சட்டம் அரசின் வருவாயை மட்டும் முடிவு செய்வதில்லை. ஊரில் நிலம் யாருடையது என்பதையும் அதுவே முடிவு செய்திருக்கிறது.