எருக்குழிப் பூஞ்சையும் கிண்டி வரைபடமும்



மார்கழி விடியலில் திருவள்ளூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலே எருக்குழியைக் கிளறினால் ஆவி எழும். கையை உள்ளே விட்டால் சுடும். நெருப்பின்றிப் பிறந்த அந்தச் சூடு, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களின் மூச்சினால் விளைவது. பிற பூஞ்சைகள் ஒடுங்கிவிடும் 50 பாகை வெப்பத்திலும் செழித்து வளரும் பூஞ்சைகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றாகிய தெர்மோஆஸ்கஸ் ஆரான்டியாக்கஸ் என்பதை, குவித்த புல் தானே சூடேறும் விந்தையை ஆராய்ந்த ஹூகோ மீஹே என்ற ஜெர்மானியர் 1907-ஆம் ஆண்டில் விவரித்தார்.

வைக்கோலின் உடலில் மிகுதியாக இருப்பது செல்லுலோஸ். சர்க்கரை மணிகளைக் கோத்த சங்கிலி. அது நம் வயிற்றில் செரியாது. பூஞ்சையோ நொதியை வெளியே சுரந்து, உண்ணுமுன்னரே செரித்துக்கொள்கிறது! அதன் செல்லுலோஸ் நொதி ஒன்றின் படிக அமைப்பு 2002-இல் டென்மார்க்கிலிருந்து வெளியாயிற்று. பீப்பாய் போன்ற உருவம். உள்ளே எட்டு இழைகள், சுற்றிலும் எட்டுச் சுருள்கள். மேற்புறத்துப் பள்ளத்தில் சங்கிலி படிய, இரண்டு குளூட்டாமிக் அமிலங்கள் நீரின் துணைகொண்டு அதனை அறுக்கின்றன. இதே பூஞ்சையின் மற்றொரு நொதியாகிய சைலனேஸின் அமைப்பை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1999-இலேயே வெளியிட்டிருந்தனர். அதுவும் பீப்பாய்தான்.

எக்ஸ்-கதிர் கொண்டு இத்தகைய உருவத்தை வரைந்தவர், தாம் வரைந்தது சரிதானா என்று எவ்வாறு அறிவார்? அதற்கு விடை நம் கிண்டியிலே பிறந்தது.

1952-இல் முப்பது வயதளவில் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைத் தலைவராக வந்தார் ஜி. என். இராமச்சந்திரன். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அன்று தெளிவாகவில்லை. அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் நாணின் கொலாஜனைப் பெற்று, கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்து, மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பை 1954-இல் முன்வைத்தார். அடுத்த ஆண்டு அதனை முப்புரிச் சுருளாகத் திருத்தினார். உடனே ரிச், கிரிக் ஆகிய இருவரும் மறுத்தனர்: சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றனர். மறுப்பில் உண்மையும் இருந்தது. முப்புரி நிலைத்தது, ஹைட்ரஜன் பிணைப்புகளின் கணக்கோ அவர்கள் கூறியபடியே பின்னர் ஏற்கப்பட்டது.

இராமச்சந்திரன் சொற்போரில் இறங்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதை, அதுவரை அறியப்பட்ட படிகங்களிலிருந்து திரட்டினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் சேர்ந்து, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்களுக்கும் எண்ணற்ற கணக்குகள் போட்டார். 1963-இல் வெளியான அவ்வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதி சிறிது, விலக்கப்பட்டதே பெரிது. என் கணக்கில், அந்த எதிர்ப்பு வந்திராவிடில் இந்த வரைபடமும் வந்திராது.

இன்று புரத அமைப்பை வெளியிடுவோர், ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் அதில் ஒரு புள்ளியாக இட்டுப் பார்க்கிறார்கள். புள்ளி எல்லைக்கு வெளியே விழுந்தால், அந்த இடத்தை மீண்டும் சோதித்தாக வேண்டும். எருக்குழிப் பூஞ்சையின் பீப்பாய்க்கும் அதுவே விதி.