நலமுடைய இளைஞர்க்கான இன்ஃபுளுவென்சா தடுப்பு மருந்துகள்: ஒப்பீடுகளின் வரலாறு

திறவுச்சொற்கள்: இன்ஃபுளுவென்சா, அமான்டடின், ரிமான்டடின், ஓசல்டாமிவிர், மருந்துப்போலி, புதுச்சேரி

1957 மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த கப்பலொன்றின் வழியே ‘ஆசியக் காய்ச்சல்’ எனப்பட்ட இன்ஃபுளுவென்சா இந்தியாவிற்குள் நுழைந்தது. 1958 பிப்ரவரி வரை நாட்டில் பதிவான நோயாளர் 44,51,785 பேர். இறந்தோர் 1,098 பேர். இக்கணக்கை ஐ.ஜி.கே. மேனன் 1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார். நோயாளியோடு பழகும் நலமுடையோர்க்கு முன்கூட்டியே கொடுக்கத்தக்க மருந்து எதுவும் அன்று மருத்துவர் கையில் இல்லை.

அத்தகைய முதல் மருந்தான அமான்டடின் 1966இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் இந்த ஆசிய வகைக்கு மட்டுமே. இரண்டே ஆண்டுகளில், 1968இல், ஹாங்காங் வகை அதன் இடத்தைப் பிடித்தது. ஏ வகை இன்ஃபுளுவென்சா முழுமைக்குமான ஒப்புதல் 1976இல்தான் கிடைத்தது. மருந்து ஒரு வைரசை நோக்கி வந்துசேர்வதற்குள் வைரஸ் மாறிவிடும் இந்நிலை பின்னரும் தொடர்ந்தது.

இரு மருந்துகளை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த முதன்மையான ஆய்வு, 1981இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நிகழ்ந்து, 1982இல் டோலின் குழுவினரால் வெளியிடப்பட்டது. 18 முதல் 45 வயது வரையிலான 450 தன்னார்வலர் அமான்டடின், ரிமான்டடின், மருந்துப்போலி என மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஆறு வாரம் மாத்திரை உட்கொண்டனர். ஆய்வகத்தில் உறுதியான இன்ஃபுளுவென்சா மருந்துப்போலிக் குழுவில் 21 விழுக்காடு. ரிமான்டடின் குழுவில் 3. அமான்டடின் குழுவில் 2. தடுக்கும் ஆற்றலில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் உறக்கமின்மை, பதற்றம், கவனம் குவியாமை போன்ற நரம்பு சார்ந்த தொல்லைகளால் விலகியோர் அமான்டடின் குழுவில் 13 விழுக்காடு, ரிமான்டடின் குழுவில் 6, மருந்துப்போலிக் குழுவில் 4. ஆகவே ஒப்பீட்டைத் தீர்மானித்தது மருந்தின் நன்மையன்று, அதன் தீங்கே. நோயாளி தொல்லையைப் பொறுப்பார். நோயே இல்லாத இளைஞர் ஏன் பொறுக்க வேண்டும்? தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்கு ஆறு வார உறக்கமின்மை, சில நாள் காய்ச்சலைவிடப் பெரிய இழப்பாகவும் கூடும்.

இவ்வாறு முன்னிலை பெற்ற ரிமான்டடின் 1993இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் வெற்றி நீடிக்கவில்லை. வைரசின் எம்2 புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதால் இரு மருந்துகளும் ஒருசேரப் பயனிழந்தன. 2006 சனவரியில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அவற்றைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. 2009இல் பரவிய பன்றிக்காய்ச்சல் வைரசும் தொடக்கத்திலிருந்தே அவற்றுக்கு அடங்கவில்லை.

அவற்றின் இடத்தைப் பெற்ற ஓசல்டாமிவிர், தடுப்பூசி போடாத நலமுடைய 1,559 பேரிடம் ஆறு வாரம் சோதிக்கப்பட்டு, முடிவு 1999இல் வெளியானது. மருந்துப்போலி பெற்றோரில் 4.8 விழுக்காட்டினருக்கும், நாளுக்கு ஒருமுறை மருந்து பெற்றோரில் 1.2 விழுக்காட்டினருக்கும் நோய் கண்டது. பழைய மருந்து பத்தில் ஒன்பது பங்கு தடுத்தது, புதியது நான்கில் மூன்று பங்கே தடுத்தது என்று இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்துச் சொல்வது பிழை. பருவம் வேறு, பரவிய அளவு வேறு. வெர்மான்ட் கணக்கில் ஒருவரைக் காக்க ஐந்தாறு பேர் மாத்திரை உண்டால் போதும். 1999 கணக்கில் ஏறத்தாழ 28 பேர் உண்ண வேண்டும். இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி, மருந்தைச் சார்ந்ததன்று. அந்தந்தக் குளிர்காலத்தில் நோய் எவ்வளவு பரவியது என்பதைச் சார்ந்தது.

பாகூர்ப் பகுதியில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கிருமாம்பாக்கத்திலும் அண்டையிலுள்ள பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் மாணவர் அன்றைய தன்னார்வலரை ஒத்த வயதினர்; நோயாளியின் அருகிலும் நிற்பவர். விடுதியொன்றில் 280 பேருக்கு ஆறு வாரம் ஓசல்டாமிவிர் கொடுத்தால் 1999இன் கணக்குப்படி பத்துப் பேர் காக்கப்படுவர். குமட்டலோ எஞ்சியோரிலும் பலருக்கு வரும். நோய் கடுமையாகப் பரவும் ஆண்டில் அதே மாத்திரையின் கணக்கு வேறாகும்.

2023 மார்ச்சில் எச்3என்2 வகை பரவியபோது புதுச்சேரி அரசு மருந்தைக் கொண்டன்றி, 16 முதல் 26 வரை எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளை மூடியே பரவலைத் தடுக்க முயன்றது. கல்லூரி மாணவர் அவ்விடுமுறைக்குள் வரவில்லை. 2006இல் அமான்டடினும் ரிமான்டடினும் கைவிடப்படக் காரணமாயிருந்ததும் இதே எச்3என்2 வகைதான்.