வேலிக்குள் வரும் காவலர்

அமெரிக்காவில் ஒருவர் வீட்டைச் சோதனையிடப் பொதுவாக நீதிபதியின் வாரண்ட் வேண்டும். ஆனால் பல மாநிலங்களில், அதே ஆளின் வயலிலும் தோப்பிலும் வனவிலங்குக் காவலர் வாரண்ட் இல்லாமலே நடமாடலாம். மானையும் மீனையும் காப்பாற்றவே யோசித்துத் தந்த அதிகாரம் இது என்று தோன்றும். வரலாறு வேறு சொல்கிறது. அதற்கு வழி திறந்துவிட்டது சாராய வழக்கு ஒன்று.

வேட்டைக் காவலரின் கதை அதற்கும் வெகு முன்பே தொடங்குகிறது. இங்கிலாந்தின் 1671 வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுன் நில வருமானம் இல்லாத பெரும்பாலோர் கவுதாரியைச் சுடக் கூடாது. வாக்களிக்க 40 ஷில்லிங் போதும். கவுதாரிக்கு அதைப்போல் 50 மடங்கு! பிரபுக்கள் அமர்த்திய காவலர்கள் சந்தேகப்பட்டவர் வீட்டில் பகலில் புகுந்து துப்பாக்கியையும் வலையையும் வேட்டை நாயையும் பறித்துப் போகலாம். அத்தனை கெடுபிடியான சட்டம்கூட அதற்கு வாரண்ட் கேட்டது. இந்தப் பிரபுத்தனம் அமெரிக்காவில் எடுபடவில்லை. 1776-ல் பென்சில்வேனியா தன் அரசியல் சட்டத்திலேயே, வேலியிடாத நிலங்களில் வேட்டையாடும் உரிமையை மக்களுக்கு எழுதிக் கொடுத்தது.

கண்மூடித்தனமான வேட்டையில் பறவைகளும் விலங்குகளும் அருகத் தொடங்கியதும் காற்று திசைமாறியது. காட்டுயிர்கள் மக்கள் சார்பில் மாநிலத்துக்கே உடைமை என்று 1896-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடைமைக்காரனுக்குச் சோதனை போடும் உரிமையும் உண்டு என்ற வாதம் அதிலிருந்து இயல்பாகவே கிளைத்தது. 1924-ல் அதற்குப் பெரிய துணை கிடைத்தது. தென் கரோலினாவில் ஒரு பண்ணை வீட்டருகே வரித்துறையினர் ஒளிந்திருந்து பார்த்தார்கள். துரத்தியபோது ஓடியவர் கள்ளச் சாராய ஜாடியைக் கீழே போட்டார், அது உடைந்தது. வாரண்ட் இல்லையே என்று அவர் வாதிட்டார். வீட்டுக்கு உள்ள பாதுகாப்பு திறந்த வெளிக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் சில வரிகளில் முடித்துவிட்டார். 1984-ல், பூட்டிய கேட்டும் ‘அத்துமீறாதே’ பலகையும் இருந்தாலும் விதி அதுவே என்று உச்ச நீதிமன்றம் நீட்டித்தது. இத்தனைக்கும், காட்டுயிர் மாநிலத்தின் உடைமை என்ற 1896 கோட்பாட்டை அதே நீதிமன்றம் 1979-லேயே, தூண்டில் இரைக்கான பொடிமீன் பற்றிய வழக்கில், கைவிட்டிருந்தது. ஒரு தூண் சரிந்த பிறகும் கட்டடம் மட்டும் உயர்ந்தது.

இந்த அதிகாரம் இல்லாமல் காட்டுயிரைக் காப்பது எப்படி என்பார்கள். நியாயமான கேள்விதான். செத்த மான் புகார் கொடுக்காது. பிடித்த மீனை நொடியில் தண்ணீரில் வீசிவிடலாம். சான் டியாகோவில் ஓர் இரவு, கடற்பாலத்தில் தூண்டில் போட்டவர் கறுப்புப் பையில் எதையோ திணிப்பதைக் காவலர் தொலைநோக்கியில் பார்த்தார். காரை மறித்துக் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார் அவர். பையில் இருந்தது பருவம் அல்லாத காலத்தில் பிடித்த சிங்கி இறால். 2011-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த மறிப்பைச் சரியென்றது. என் கணிப்பிலும் அது சரியே: மீன்பிடிக்க இறங்கியவர் பிடித்ததைக் காட்டக் கடமைப்பட்டவர்; சோதனையும் அந்த இடத்தோடு, அந்த நேரத்தோடு முடிந்தது.

டென்னசியில் நடந்ததை இதே தராசில் வைக்க முடியாது. அங்கே காவலர்கள் தனியார் நிலத்துக்குள் வாரண்ட் இல்லாமல் போய் மரத்தில் கேமரா பொருத்தினார்கள். மறையப்போகும் தடயம் எதையும் அவர்கள் துரத்தவில்லை; திரும்பிப் போய் நீதிபதியிடம் கேட்க நேரம் தாராளமாக இருந்தது. 2024-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சோதனைகளை, காலனி ஆட்சிக்கால பாஸ்டனில் சுங்க அதிகாரிகள் நினைத்தபடி புகுந்ததோடு ஒப்பிட்டு, மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்றது.