ஒரு எழுதுவினைஞரின் மறுப்பு

எமது தகப்பன்மாரில் பலர் அரசாங்க உத்தியோகத்தர்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பின்னர், நாற்பது வயதில் சிங்கள அரிச்சுவடியை மடியில் வைத்து இரவுகளில் எழுத்துக் கூட்டியவர்கள் அவர்கள். சோதனையில் சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் நின்றுவிடும். பிள்ளைகளின் படிப்பு, தங்கைமாரின் சீதனம், வீட்டுக்கடன் என்று அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. அவர்களைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் அந்தச் சோதனைக்குத் தோற்றமாட்டேன் என்று மறுத்த ஒருவரை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம் என்பதே எமது கவலை.

அவர் பெயர் கோடீஸ்வரன். கேகாலைக் கச்சேரியில் கடமையாற்றிய எழுதுவினைஞர். 1961ஆம் ஆண்டின் திறைசேரிச் சுற்றுநிருபம் ஒன்று, குறித்த சிங்களத் தேர்ச்சியைப் பெறாத உத்தியோகத்தரின் சம்பள ஏற்றத்தை நிறுத்தச் சொன்னது. கோடீஸ்வரன் சோதனைக்குப் போகவில்லை. 1962இல் அவருக்கு வரவேண்டிய ஏற்றம் நிறுத்தப்பட்டது. கோஷமில்லை, ஊர்வலமில்லை. அவர் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்கு வைத்தார்.

அவர் கேட்டது மாதத்துக்குச் சில ரூபாக்களைத்தான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய கேள்வி இருந்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தவருக்கு மட்டும் இடையூறு விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. அப்படியானால் 1956ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுமா?

1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ.எல்.டி கிறெற்சர், செல்லாது என்றார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எப்படி? மொழிச்சட்டம் சரியென்று அது சொல்லவில்லை. அக்கேள்விக்குள் அது இறங்கவேயில்லை. முடியின் ஊழியன் ஒருவன் தன் சம்பளத்துக்காக முடிக்கெதிராக வழக்காட முடியாது என்று சொல்லி முடித்துக்கொண்டது.

கீழ்ப்படியாதவனை ஒரு நிறுவனம் கையாளும் வழி இதுதான். அவன் சொல்வது பிழையென்று நிறுவ அது சிரமப்படுவதில்லை. கேட்க உனக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டால் போதும்.

வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. 1969 டிசம்பரில், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று அது தீர்ப்பளித்தது. இந்த வெற்றி தமிழருக்கு மட்டும் உரியதல்ல. சிங்கள, முஸ்லிம் ஊழியருக்கும் கோடீஸ்வரனே அதைப் பெற்றுக் கொடுத்தார். யாப்புப் பற்றிய கேள்வியை மட்டும் கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

அக்கேள்விக்கு விடை வரவேயில்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவு இல்லை. சிங்களம் அரசகரும மொழி என்பது யாப்பிலேயே எழுதப்பட்டது. நிறைவேற்றிய சட்டமொன்று செல்லுபடியாகுமா என்று நீதிமன்றம் ஆராயும் வழியும் அடைக்கப்பட்டது. அந்த யாப்புக்குப் பொறுப்பான அமைச்சர், 1956இல் தனிச் சிங்களத்தை எதிர்த்து நின்ற அதே கொல்வின் ஆர்.டி சில்வா.

தமிழும் அரசகரும மொழி என்று யாப்பில் எழுதப்பட்டது 1987இல். அதற்குள் எத்தனை வீடுகள் எரிந்துவிட்டன!

இன்று நாம் வந்து சேர்ந்த நாடுகளில் ஜேர்மனும் நோர்வேஜிய மொழியும் பிரெஞ்சும் படிக்கிறோம். வேலைக்காகச் சோதனையும் எழுதுகிறோம். மொழி படிப்பதில் அவமானம் எதுவுமில்லை. கோடீஸ்வரன் மறுத்ததும் ஒரு மொழியை அல்ல. தன் சொந்த நாட்டில் உத்தியோகம் பெற்ற ஒருவனுக்கு இடைநடுவில் விதிக்கப்பட்ட நிபந்தனையையே அவர் மறுத்தார்.

இன்னுமொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பின் தர்க்கத்தை எம்மவரும் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். எமது இயக்கங்களில், சங்கங்களில், கோவில் நிர்வாகங்களில் கணக்குக் கேட்டவனுக்கும் காரணம் கேட்டவனுக்கும் கிடைத்தது பதிலல்ல. "இதைக் கேட்க நீ யார்?" என்பதே. சிலருக்குச் சம்பள ஏற்றம் மட்டுமல்ல, உயிரே போனது.

பெரிய தலைவர்களின் படங்களை நாம் சுவர்களில் மாட்டியிருக்கிறோம். அந்த வரிசையில், கச்சேரி மேசையொன்றில் இருந்தபடி முடியாது என்று சொன்ன ஓர் எழுதுவினைஞரையும் நினைத்துக்கொள்வோம்.